சம்பளமில்லாத ஊழியம்

மரகதவல்லிக்கு நடந்தது அநியாயம். இதில் இரண்டு பக்கத்து நியாயம் என்று ஒன்று கிடையாது.

அவள் ஒரு தனியார் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். சோதனைக் குழாய்களைக் கழுவுவாள், அமில பாட்டில் எடுத்துக் கொடுப்பாள், மாலையில் பூட்டுவாள். செய்முறை வகுப்பு நடக்கும்போது பிள்ளைகள் பின்கதவு வழியாக கேன்டீனுக்கு நழுவுகிறார்கள் என்று தாளாளருக்குக் கோபம். அன்றைக்கு வகுப்பு தொடங்கியதுமே பின்கதவைப் பூட்டச் சொன்னார். பூட்டினாள்.

அன்று மத்தியானம் ஆய்வகத்தில் தீப்பிடித்தது. ஒரே வாசலில் எல்லோரும் முண்டியடித்ததில் மூன்று மாணவிகளுக்குத் தீக்காயம்.

"பின்கதவைப் பூட்டியது யார்?" என்று போலீஸ் கேட்டது.

தாளாளர் பழக்கூடையோடு மருத்துவமனைக்குப் போனார். மரகதவல்லி சிறைக்குப் போனாள்.

பூட்டச் சொன்னது யார் என்று கல்லூரியில் அத்தனை பேருக்கும் தெரியும். அத்தனை பேருடைய இன்டர்னல் மார்க்கும் சம்பளமும் யார் கையில் இருக்கிறது என்பதும் தெரியும்.

முதல் தடவை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போனபோது, வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்த தாளாளரைப் பார்த்ததும் மரகதவல்லி செருப்பைக் கழற்றி எறிந்தாள். அது அவர் வக்கீலின் காகிதக் கட்டின் மேல் போய் விழுந்தது. ஜாமீன் இல்லை.

இரண்டாம் தடவை வெறுங்காலோடு கூட்டிப்போனார்கள். தொண்டை கட்டும்வரை கத்தினாள். ஜாமீன் இல்லை.

"அடுத்த தடவையும் இப்படித்தான்னா, வழக்கு முடியற வரைக்கும் உள்ளேயே இருக்க வேண்டியதுதான்," என்றார் நீதிபதி. அவரும் ஒரு பெண்தான்.

வெளியே, மகள் பவித்ராவுக்கு நிறைமாதம். தலைப்பிரசவம். தாய்வீட்டில் நடக்க வேண்டியது. தாய்வீடு பூட்டிக் கிடந்தது. மாமியார் வீட்டில் ஒரு வாய் காபி குடிப்பதற்குள் அந்தப் பெண் எத்தனை பேச்சு கேட்டாளோ, பார்க்க வந்தபோது அதைச் சொல்லவில்லை. அழுதுவிட்டுப் போனாள்.

அன்றைக்குத்தான் மரகதவல்லி ஜெசிந்தாவைத் தேடிப் போனாள்.

*

சிறையில் ஜெசிந்தாவை எல்லோரும் 'ஜப்பான்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

மரகதவல்லியைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஜப்பானியக் கம்பெனி ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். அங்கே மேனேஜரின் மனைவியிடம் வாள் பயிற்சி கற்றவள். செல்போனைப் பார்த்துக்கொண்டே கார் ஓட்டி, சைக்கிளில் போன ஒரு மனிதரைக் கொன்றவள். யார் கேட்டாலும் மூன்றையும் ஒரே குரலில் சொல்வாள்.

காலையில் கதவு திறந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்பாள். கை இடுப்புக்குப் போகும். எதையோ உருவும். ஒரு வெட்டு. பிறகு, வெட்டியதைவிட மெதுவாக, அந்த எதையோ திரும்ப இடுப்பில் சொருகும்.

வார்டர் தனபாக்கியம் ஒருநாள் அவளை நிறுத்திச் சோதனை போட்டார்.

"என்னத்தை எடுத்து எடுத்து வெக்கிறே?"

"வாள், மேடம்."

"எங்கே?"

"இல்லை, மேடம்."

தனபாக்கியம் அவள் இடுப்பை இன்னொரு தடவை தடவிப் பார்த்தார். "இல்லாததை ஒளிச்சு வெச்சிருக்கான்னு எந்த செக்‌ஷன்ல எழுதறது," என்று முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

மரகதவல்லி நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"ஏ ஜப்பான். கோர்ட்ல என் வாய் என் பேச்சைக் கேக்கணும். அந்த ஆளைப் பார்த்தா எனக்குக் கண்ணு மண்ணு தெரியாமப் போவுது. உன் வித்தையில அதுக்கு ஏதாவது இருக்கா?"

"இருக்கு அக்கா. வாளை உறையில போடறது. அதை மட்டும் காட்டறேன்."

"எடுக்காமயே எப்படிடி போடறது?"

"எடுத்துட்டுத்தானே வந்திருக்கீங்க."

மரகதவல்லிக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"சரி, இந்த சாமுராய் சாமுராய்ங்கிறியே, அவன் யாரு?"

"ஒரு எஜமானுக்கு ஊழியம் பண்றவன். எஜமான் சொன்னா உயிரையும் குடுப்பான்."

மரகதவல்லி எழுந்து புடவையைத் தட்டிவிட்டாள்.

"அப்ப அவன் எனக்கு வேணாம். எஜமான் சொன்னான்னு பூட்டினவதான் நான். ஊழியம் பண்ணித்தான் இங்க வந்து சேர்ந்தேன். இன்னொருத்தன்கிட்ட போய் அதையே வேற படிக்கணுமா?"

வாதத்தில் ஓட்டை கிடையாது. ஜெசிந்தாவும் மறுக்கவில்லை. தொட்டியிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளி முகம் கழுவினாள்.

"இப்ப யாருக்கு ஊழியம் பண்றீங்க அக்கா?"

"யாருக்கும் இல்லை."

"காலையில எழுந்ததும் முதல்ல யாரை நினைச்சீங்க?"

"அந்தப் பாவியைத்தான்."

"களி திங்கறப்ப?"

"அவனைத்தான். தொண்டையில இறங்கினாத்தானே."

"தூங்கறதுக்கு முன்னாடி?"

மரகதவல்லி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"இன்னும் அவர்கிட்டதான் வேலை பார்க்கறீங்க," என்றாள் ஜெசிந்தா. "முன்னாடி சாயங்காலமாவது வீட்டுக்கு விட்டார். சம்பளமும் வந்தது."

*

மரகதவல்லி மறுநாளும் வந்தாள். சண்டை போடத்தான் வந்தாள்.

"நேத்து ராத்திரி பூரா யோசிச்சேன். நீ ஒரு உசிரை எடுத்தவ. உனக்குக் கட்டுப்பாடு வேணும், தவம் வேணும், ஒத்துக்கறேன். நான் ஒரு தப்பும் பண்ணலை. நான் எதுக்கு என்னை அடக்கணும்? அடங்க வேண்டியவன் பழக்கூடை தூக்கிட்டுத் திரியறான்."

"ஆமா."

"என்ன ஆமா?"

"நீங்க சொல்றது சரி."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லை. சரியா இருக்கீங்க. உள்ள இருக்கீங்க."

அந்த நேரம் பார்த்துக் கணக்கெடுப்புக்கு விசில் ஊதியது. பெண்கள் முனகிக்கொண்டே வந்தார்கள். "ஜோடி ஜோடியா உக்காரு" என்று தனபாக்கியம் வாயெடுப்பதற்குள் ஜெசிந்தா முதுகு நேராக உட்கார்ந்திருந்தாள்.

"சொல்றதுக்கு முன்னாடியே உக்கார்றியே, அவ்ளோ பயமா?" என்றாள் மரகதவல்லி, அவள் பக்கத்தில் குந்தியபடி.

"சொன்னப்புறம் உக்கார்ந்தா, அவங்க உக்கார வெச்சது. முன்னாடியே உக்கார்ந்தா நான் உக்கார்ந்தது."

"ரெண்டுக்கும் ஒரே சிமெண்ட் தரைதான்."

"ஒரே தரைதான்."

இப்படி ஒத்துக்கொண்டே போகிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது? மரகதவல்லிக்கு அலுத்துவிட்டது.

"சரி தாயே. நான் என்னதான் பண்ணணும்?"

ஜெசிந்தா எல்லோரும் படுக்கும் கூடத்தின் வாசலைக் காட்டினாள்.

அங்கே நாற்பது பெண்களின் செருப்பும் ஒரு குவியலாகக் கிடந்தது. மாலையில் பூட்டும்போது உதறிவிட்டு உள்ளே போவார்கள். காலையில் திறந்ததும் அந்தக் குவியலில்தான் நாளின் முதல் சண்டை. "ஏய், அது என் நீல வாரு." "உன் பேரு எழுதியிருக்கா அதுல?" ஒருநாள் தவறாமல்.

"ஜோடி சேர்த்து அடுக்குங்க. நுனி வெளியில பார்க்கணும்."

"எதுக்கு வெளியில பார்க்கணும்?"

"கூப்பிட்ட உடனே சாமுராய் கிளம்பணும். கிளம்பற நேரத்துல செருப்பைத் தேடினா அவன் போருக்கு லாயக்கில்லை."

"அடுத்தவ செருப்பை நான் தொடணுமா? எங்க ஜனத்துல தொட மாட்டோம்."

அந்த வேலையை ஊரில் யார் தலையில் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஜெசிந்தா சொன்னாள்: "கோர்ட்ல தொட்டீங்களே."

"அது என் செருப்பு."

"எறியறதுக்குன்னா சொந்தச் செருப்பு ஆகும். அடுக்கறதுக்கு அடுத்தவங்களோடதுதான்."

"இது என்ன நியாயம்?"

ஜெசிந்தா குனிந்து முதல் ஜோடியை எடுத்து வைத்தாள். நுனி வெளியே. பிறகு நகர்ந்து நின்று வழிவிட்டாள்.

மரகதவல்லி இரண்டு விரலால், எலியின் வாலைப் பிடிப்பதுபோல, ஒரு செருப்பைத் தூக்கினாள்.

*

ஒரு வாரத்தில் காலைச் சண்டை நின்றுபோனது. கதவு திறந்தால் அவரவர் காலுக்கு நேரே அவரவர் செருப்பு. சண்டையில்லாத காலையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று சிலருக்குத் தெரியவில்லை.

ஆனால் பெண்கள் சும்மா இருப்பார்களா? ஒருத்தி இன்னொருத்திக்குச் சொன்னாள். செருப்பை எறிந்த பாவத்துக்கு அந்த அக்கா பரிகாரம் பண்ணுகிறது. நாற்பது ஜோடி, நாற்பத்தெட்டு நாள். ஜப்பான் மந்திரம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. முடித்தால் ஜாமீன் நிச்சயம்.

சாராய வழக்கில் வந்திருந்த செண்பகம் ஒரு மாலை வந்து கெஞ்சினாள். "அக்கா, இன்னிக்கு ஒரு நாள் நான் அடுக்கறேன். எனக்கும் சின்னப் புள்ளைங்க இருக்கு."

இரக்கப்பட்டு மரகதவல்லி விட்டுக்கொடுத்தாள்.

மூன்றாம் நாள் செண்பகத்துக்கு ஜாமீன் கிடைத்தது.

அவ்வளவுதான். அன்று மாலை வாசலில் தள்ளுமுள்ளு. "நகருடி, இன்னிக்கு என் முறை." "நீ நேத்தே ரெண்டு ஜோடி வெச்சே, நான் பார்த்தேன்." முன்பு செருப்பை மாட்டுவதற்கு அடித்துக்கொண்டவர்கள் இப்போது அடுக்குவதற்கு அடித்துக்கொண்டார்கள்.

நடுவில் நின்ற மரகதவல்லிக்குத் தலை சுழன்றது. குனிந்து குனிந்து இடுப்பொடிந்தது அவளுக்கு. ஜாமீன் செண்பகத்துக்கு. அடுக்கி வைத்த வரிசையைக் காலால் எத்தினாள். செருப்புகள் நாலாபக்கமும் பறந்தன. ஒன்று தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது.

கூட்டம் பின்வாங்கியது.

"யார் பண்ணினது?"

தனபாக்கியம் லத்தியோடு வந்து நின்றார். இது ரிப்போர்ட் ஆனால் நேரே கோர்ட்டுக்குப் போகும். போனால் ஜாமீன் போச்சு, தலைப்பிரசவம் போச்சு. அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரியும்.

மரகதவல்லியின் வாயில் எல்லாம் வரிசைகட்டி நின்றது. செண்பகம், இந்தச் சனியன் பிடித்தவர்கள், தாளாளர், போலீஸ், கடவுள். திறந்தால் போதும்.

தற்செயலாக ஜெசிந்தாவைப் பார்த்தாள். ஜெசிந்தா அவளைப் பார்க்கவில்லை. தனபாக்கியத்தையும் பார்க்கவில்லை. கை மட்டும் மெதுவாக, மிக மெதுவாக, இல்லாத ஒன்றை இடுப்பில் சொருகிக்கொண்டிருந்தது.

"நான்தான் மேடம்," என்றாள் மரகதவல்லி.

"எதுக்கு?"

"கோபம்."

தனபாக்கியம் காத்திருந்தார். மீதி வரும் என்று காத்திருந்தார். இந்தப் பெண் ஆரம்பித்தால் அரை மணிக்குக் குறையாது என்பது சிறை முழுக்கத் தெரிந்த விஷயம்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் மேடம். திரும்ப அடுக்கிடறேன்."

தனபாக்கியம் லத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டார். எழுதுவதற்கு ஒன்றும் அகப்படாத முகம்.

"தொட்டியில கிடக்கறதையும் எடு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மற்றவர்கள் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டார்கள். மரகதவல்லி குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தாள்.

"அவளுக்கு எப்படிடி கிடைச்சது?" என்று தலை நிமிராமல் கேட்டாள்.

"அவங்க வக்கீல் ஒழுங்கா பேசினாராம். நீங்க ஜாமீனுக்காகவா அடுக்கினீங்க?"

"வேற எதுக்கு?"

"தெரியலையே. கடைசியா எப்ப தாளாளரை நினைச்சீங்க?"

மரகதவல்லியின் கையில் ஒரு பச்சை வார்ச் செருப்பு இருந்தது. அதற்கு ஜோடி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள். அவள் யோசித்துப் பார்த்தாள். இப்போதில்லை. சாயங்காலம் முழுக்க இல்லை. மத்தியானம் ஒரு தடவை வந்தார், போய்விட்டார்.

பச்சைக்கு ஜோடி கிடைத்தது. அடுத்து சிவப்பு. அடுத்து, வார் அறுந்து ஊக்கு குத்திய ஒன்று.

ஜோடி ஜோடியாகச் செருப்பு வந்ததுபோல, தீப்பிடித்த தினமும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது. கோபத்தோடு நினைத்தபோதெல்லாம் அந்த நாள் ஒரு குவியலாகத்தான் வந்திருந்தது. இப்போது வரிசையாக வந்தது.

பூட்டினாள். சாவி கையில். நேராகக் கொண்டுவந்து கொடு என்று தாளாளர் சொல்லியிருந்தார். மாடிப்படி ஏறினாள். கதவைத் தட்டினாள். தாளாளர் போனில் பேசிக்கொண்டிருந்தார். விரலால் மேஜையைக் காட்டினார். கண்ணாடிப் பேப்பர்வெயிட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்ததும் 'ணங்' என்று ஒரு சத்தம்.

மரகதவல்லி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஜெசி," என்றாள். 'ஜப்பான்' என்று கூப்பிடவில்லை. "எனக்கு ஒண்ணு ஞாபகம் வருது."

"என்கிட்ட சொல்லாதீங்க அக்கா."

"ஏன்டி?"

"என்கிட்ட ஒரு தடவை சொல்வீங்க. நாளைக்கு நாலு பேர்கிட்ட சொல்வீங்க. கோர்ட்டுக்குப் போறதுக்குள்ள அதுக்குக் கைகால் முளைச்சிடும். கேக்க வேண்டியவங்க கேக்கறப்ப சொல்லுங்க."

மரகதவல்லி ஊக்கு குத்திய செருப்பை அதன் ஜோடியோடு வைத்தாள். நுனி வெளியே பார்த்தது.

*

நீதிமன்றத்தில் தாளாளர் அதே வெள்ளை வேட்டியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மரகதவல்லியின் இரண்டு பக்கமும் பெண் போலீஸ், முழங்கையைப் பிடித்தபடி. இலவச சட்ட உதவியில் வந்த வக்கீல் புதியவர். போன தடவை வந்தவரும் புதியவர்தான். அதற்கு முன்னால் வந்தவரும். மூவரில் ஒருவர்கூட அவளிடம் கால்மணி நேரம் உட்கார்ந்து பேசியதில்லை. பேசியிருந்தால் மட்டும் என்ன, அவள் வசவைத்தான் கேட்டிருப்பார்கள்.

கல்லூரியின் வக்கீல் எழுந்தார். "இந்த அம்மா நிதானம் இல்லாதவங்க. இதே இடத்துல செருப்பு எறிஞ்சவங்க. வெளியே விட்டா சாட்சிகளுக்கு ஆபத்து."

மரகதவல்லி தாளாளரைப் பார்த்தாள். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேர்க்கிற ஒரு மனிதர். முன்பு அவர் இதைவிடப் பெரிய ஆளாக இருந்தார்.

அவள் கை இடுப்புக்குப் போனது. அங்கேயே நின்றது.

"நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார் நீதிபதி. கேட்கும்போதே பேனாவை மூடி வைத்துவிட்டார். பெண் போலீஸின் பிடி இறுகியது.

"சொல்லணும்மா. பின்கதவைப் பூட்டினது நான்தான்."

அவளுடைய வக்கீல் தலையில் கைவைத்தார்.

"பூட்டச் சொன்னது தாளாளர் ஐயா. பூட்டிட்டு சாவியை அவர் அறைக்குக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோய் அவர் மேஜையில வெச்சேன். தீப்பிடிச்சப்ப திறக்கறதுக்கு என்கிட்ட சாவி இல்லை. அவ்ளோதாம்மா."

கல்லூரியின் வக்கீல் தாளாளரைத் திரும்பிப் பார்த்தார். தாளாளர் யாரையும் பார்க்கவில்லை.

நீதிபதி இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார்.

"சாவியை எங்கே கைப்பற்றினீங்க?"

இன்ஸ்பெக்டர் வழக்குக் கட்டைப் புரட்டினார். இன்னொரு தடவை புரட்டினார்.

"தாளாளர் அறையிலம்மா. மேஜை மேல."

"இது உங்க பேப்பர்லயே இருக்கா?"

"இருக்கும்மா."

"அவரை விசாரிச்சீங்களா?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டு நின்றார்.

நீதிபதி பேனாவைத் திறந்தார். ஜாமீன் உத்தரவைச் சொல்லச் சொல்ல, பக்கத்திலிருந்தவர் தட்டச்சு செய்தார். தாளாளரை விசாரித்து அறிக்கை தரவேண்டும் என்பதும் அதே மூச்சில் வந்தது. முழங்கையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்ததை மரகதவல்லி உணர்ந்தாள். பவித்ராவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. வீட்டைத் திறந்து, பெருக்கி, வெந்நீர் அடுப்பைச் சரிபார்க்க நேரம் இருக்கிறது.

கையெழுத்துப் போடப் போன நீதிபதி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது.

"ஏம்மா, இதை இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

மரகதவல்லி யோசித்தாள். அவசரப்படவில்லை.

"சத்தம் போட்டுக்கிட்டிருந்தேம்மா," என்றாள். "எனக்கே கேக்கலை."